என் பெயர் வெட்டிய வண்டி

அண்ணன் அவர்கள் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. வருஷ திதிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணனோடு பஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் என் வணக்கம். மலரில் யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, "ஏட்டி, நீதான படிச்சவ, நீயே எழுதிரு" என்று எல்லோருமாகச் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். என்னைப் படித்தவள் என்று இந்தக் குடும்பம் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. சரி, எழுதுகிறேன். உள்ளது உள்ளபடியே எழுதுகிறேன். எழுதியதை வாசித்துக் காட்டியபோது அண்ணன் மனைவி, என் மதினி, "இதெல்லாம் மலர்ல போடணுமா?" என்று கேட்டார். போடத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் பிறந்தது மேலநீலிதநல்லூரில். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் பட்டினி என்று இருந்த வீடு அது. நான் நடை பழகுவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்தார். அடுத்த கோடையில் காலரா வந்து அம்மாவையும் கொண்டுபோயிற்று. அண்ணனுக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. பங்காளிகள் ஆளுக்கொரு நியாயம் பேசிக்கொண்டிருக்க, அண்ணன் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தே சங்கரன்கோவில் வந்து சேர்ந்தார். பஸ்ஸில் கிளீனராகத் தொற்றிக்கொண்டார். கண்பார்த்தே கைவேலை படித்து பிட்டர் ஆனார். யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிற்றே, அந்த அடுப்பைக் கிண்டிக் கிண்டி அண்ணன் வீட்டுக்கு வரும்போது கண்ணும் பல்லும்தான் தெரியும். அந்தக் கோலத்திலும் எனக்குப் பூந்தி பொட்டலம் வாங்காமல் வந்ததில்லை.

குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, வீட்டில் குரல் உயர்த்திப் பேசியது கிடையாது. எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிடுவார்கள். என்னையும் நிறுத்தச் சொல்லி வந்தவர்களிடம் அண்ணன், "அவ படிக்கட்டும், உங்களுக்கு என்னவே நஷ்டம்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். நான் எட்டாம் வகுப்புச் சர்க்கார் பரீட்சையில் தேறிய அன்று கோமதியம்மன் சந்நிதிக்கு மதினியையும் என்னையும் கூட்டிக்கொண்டு போய், வருவோர் போவோரிடமெல்லாம் என்னைக் காட்டி, "என் தங்கச்சி. பாஸ் பண்ணிட்டா" என்று சொன்னார். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் பின்னால் நடந்தது இவ்வளவு வலித்திருக்காது.

பாளையங்கோட்டையில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து வாத்தியாரம்மா ஆக வேண்டும் என்பது என் ஆசை. சேருவதற்கு வயது இன்னும் கொஞ்சம் வர வேண்டியிருந்தது. அங்கேயே தங்கிப் படிக்கப் பணமும் வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் வண்டி வந்தது.

ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பஞ்சாலையில் முன்பு வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் இருந்தார். அவர் ஓட்டிய சீமை மோட்டார் சைக்கிள் அது. துரை சண்டைக்குப் போனவர் திரும்பவில்லை. வண்டி பருத்திவிதை மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்து, அதன் டாங்கிக்கு அடியில் எலி குட்டி போட்டுவிட்டது. யுத்தம் முடிந்த மறு வருஷம் ஆலையின் எஞ்சின் நின்றுபோக, அண்ணன் போய் ஓடவைத்துக் கொடுத்தார். கூலிக்குப் பதிலாக அந்த வண்டியைக் கேட்டு வாங்கி, கட்டைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினார். தெருவே கூடிச் சிரித்தது. "அண்ணாச்சி, பேரீச்சம்பழத்துக்குப் போடவா?" என்று ஒருவர் கேட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணன் என்னை வண்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்ன வார்த்தைகளை நான் மாற்றாமல் எழுதுகிறேன். "மக்கா, இத முடிச்சு வித்தா உன் படிப்புச் செலவு கழிஞ்சிரும். விக்கதுக்கு முன்னால இதுலயே உன்னையப் பின்னால உக்கார வச்சு, பாளையங்கோட்டைக்கு நானே கொண்டு விடுதேன். இரும்பு வேலைய நான் பாத்துக்கிடுதேன். இந்த அலுமினிய உருப்படியெல்லாம் உன் பொறுப்பு."

எஞ்சின் கூடு இரண்டு பாதி, கியர்ப்பெட்டி மூடி, செயின் மூடி, பிரேக் தட்டுகள், இன்னும் சின்னச் சின்ன மூடிகள். எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும் வெள்ளைப் பூஞ்சையுமாகச் சாம்பல் நிறத்தில் இருந்தன. பித்தளைச் செம்பு விளக்குகிற மாதிரி ஈரச் சாம்பல் வைத்துத் தேய்த்தேன். கறுத்துப்போயிற்று. அண்ணன் சிரித்துவிட்டு, "இது பித்தள இல்லட்டி, இதுக்குத் தண்ணி விட்ட சாம்பலும் ஆகாது, சோடாவும் ஆகாது" என்றார். அதற்குப் பிறகு அண்ணன் சொல்லித்தந்ததும் நானாகக் கண்டுபிடித்ததுமாக ஒரு முறை ஏற்பட்டது. முதலில் சீமெண்ணெயில் ஊறப்போட்டுப் பிசுக்கை எடுக்க வேண்டும். ஆழமான கீறல்களை நுண் அரத்தால் மட்டம் செய்ய வேண்டும். அலுமினியம் இளகிய சாதி. அரத்தின் பல்லுக்குள் போய் அப்பிக்கொண்டு மறுபடி கீறும். அதற்காக அரத்தில் சாக்கட்டியைப் பூசிக்கொள்வேன். பிறகு உப்புத்தாள், முரட்டுத் தாளில் ஆரம்பித்து மெல்லிய தாள் வரைக்கும். ஒரு தாளை நீளவாக்கில் போட்டால் அடுத்ததைக் குறுக்குவாக்கில் போட வேண்டும். முந்தின தாளின் கோடு ஒன்றாவது மிச்சமிருந்தால் அடுத்த தாளைத் தொடக்கூடாது. கடைசியாக, வேட்டித் துணியில் சலித்த உமிச்சாம்பலை விளக்கெண்ணெயில் குழைத்து, கம்பளித் துண்டால் தேய்ப்பது. துணியில் கறுப்பு வந்துகொண்டே இருக்கும். வரவர உலோகத்தில் வெளிச்சம் ஏறும். செயின் மூடியில் முதன்முதலாக என் முகம் தெரிந்தபோது நான் கத்திய கத்தில் மதினி அடுப்பை விட்டு ஓடி வந்துவிட்டார்.

வருஷம் ஒன்று திரும்பிற்று. என் விரல்நுனி பத்தும் கறுத்துக் கிடந்தன. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு மூடியையும் முடித்து வைக்கும்போது பாளையங்கோட்டை ஓர் ஊர் அளவு பக்கத்தில் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். அண்ணன் பிஸ்டனுக்கு வளையம் தேடி மதுரை போனார், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோவுக்குக் கம்பி சுற்றத் திருநெல்வேலி போனார். கடைசியில் ஒரு காலை, பஸ் டிப்போவிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த பெட்ரோலை ஊற்றிக் கிக்கரை உதைத்தார். அது திருப்பி உதைத்தது. நொண்டிக்கொண்டே மறுபடி உதைத்தார். தெரு அதிரும்படி வண்டி பிடித்துக்கொண்டது. சிரித்தவர்களெல்லாம் வந்து கைகட்டி நின்று பார்த்தார்கள். நான் ஏறப் போனேன். "உனக்கு மொத சவாரி பாளையங்கோட்டைக்குத்தான். அதுவரைக்கும் பொறு" என்றார் அண்ணன். பொறுத்தேன். இன்றுவரை நான் அந்த வண்டியில் ஏறியதில்லை.

அதற்குப் பிறகு ராயகிரியிலிருந்து ஓர் அம்மாள் தன் தம்பியோடு வீட்டுக்கு வந்தார். வண்டி பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னார். வாங்க வந்தவர்கள் என்று நினைத்து, கடைக்காரி மாதிரி நானே முன்னால் நின்று விளக்கம் சொன்னேன். "இங்கன பாருங்க, உங்க முகமே தெரியும்" என்று செயின் மூடியைக் காட்டினேன். அந்த அம்மாள் மூடியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை ஏன் இப்பிடிக் கறுத்துக் கெடக்கு?"

"தேச்ச கறுப்பு. எண்ணெ போட்டா போயிரும்."

"சோறு கறி ஆக்குவியா?"

வண்டி வாங்க வந்தவருக்கு என் சமையல் எதற்கு என்று எனக்குத் தோன்றியதுதான். ஆனாலும் வாடிக்கைக்காரரை முறைக்கக்கூடாதே என்று, "நல்லாவே ஆக்குவேன்" என்று பல்லைக் காட்டிச் சொன்னேன். அண்ணன் அப்போது வண்டிக்கு அந்தப் பக்கம் குனிந்து, ஏற்கெனவே இறுக்கியிருந்த ஒரு நட்டை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தார்.

கோவில் வாசல் பாத்திரக்கடை முன்னால் சின்ன உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு பெயர் வெட்டுகிறவர் ஒருவர் இருந்தார். ஒருநாள் காலையில் நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன், அவர் எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து கியர்ப்பெட்டி மூடியில் புள்ளி புள்ளியாகக் கொத்திக்கொண்டிருந்தார். குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். அப்பாவின் முதலெழுத்தும் என் பெயரும். நான் தேய்த்துத் தேய்த்து முகம் பார்த்த மூடியில் என் பெயர்! என் உழைப்புக்கு அண்ணன் செய்த மரியாதை அது என்று நினைத்தேன். விற்கப்போகிற வண்டியானாலும் எங்கே போனாலும் என் பெயரைச் சுமந்துகொண்டு போகட்டும் என்று அண்ணன் நினைத்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே ஓடி மதினியிடம் சொன்னேன். மதினி என் முகத்தைப் பார்க்காமல், "அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனார். அடுப்பில் பால் ஒன்றும் இல்லை.

அன்று நாள் முழுக்க நான் மிதந்துகொண்டு திரிந்தேன். மறுநாள் பரணில் ஏதோ தேடப்போனபோது, சாக்குக்கு அடியில் புதுக் குடம், குத்துவிளக்கு, தவலை, சருவச்சட்டி எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றிலும் அதே முதலெழுத்து, அதே பெயர், அதே புள்ளி. பாத்திரத்தில் பெண்ணின் பெயர் வெட்டினால் அது எந்த வீட்டுக்குப் போகும் என்று சங்கரன்கோவிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெட்டியது மோட்டார் சைக்கிளில் என்பதால் எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்து நான் தேய்த்தது என் படிப்பை அல்ல, என் சீரை.

அண்ணன் வேலை முடிந்து வந்து பஞ்சுக் கழிவால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அண்ணே, பாளையங்கோட்ட?"

"அதெல்லாம் பெறவு பாத்துக்கிடலாம் மக்கா. நல்ல குடும்பம். தோட்டம் தொரவு இருக்கு. விட்டா போயிரும்."

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மதினிக்குத் தெரியும். பெரியப்பா வீட்டுக்குத் தெரியும். எதிர்வீட்டுக்குத் தெரியும். பெயர் வெட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். இந்த மலரை வாசித்துக்கொண்டிருக்கும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வண்டி எப்படி மினுங்குகிறது என்று வந்து பார்த்து, என்னைப் புகழ்ந்து, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போனீர்கள்.

தை மாதம் கலியாணம் நடந்தது. வண்டிக்குச் சாமந்தி மாலை போட்டு, டாங்கியில் சந்தனம் குங்குமம் வைத்து, அண்ணனே அதை ஓட்டிக்கொண்டு ராயகிரிக்குப் புறப்பட்டார். புது வேட்டி காற்றில் படபடக்க, ஊர்ப் பிள்ளைகள் பின்னாலேயே ஓட, அண்ணன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பின்னால் சீர்ப்பாத்திரங்கள் கட்டைவண்டியில் போயின. அதற்கும் பின்னால் கூண்டுவண்டியில் நான், வாய்க்குள் தூசி போகாமல் முந்தானையால் மூடிக்கொண்டு போனேன்.

என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர். இது முகஸ்துதி இல்லை. ஆனால் அவருக்கு மாட்டைத் தெரியும், மண்ணைத் தெரியும், மோட்டார் தெரியாது. கிக்கர் ஒருமுறை திருப்பி உதைத்ததில் ஒரு வாரம் நொண்டினார். "நம்ம செவலக்காள தேவல" என்று சொல்லி வண்டியைத் தொழுவத்தில் நிறுத்தியவர் அப்புறம் தொடவில்லை. மாமியார், அன்று வண்டி பார்க்க வந்த அதே அம்மாள், பொங்கலுக்கு வீட்டுச் சாமானையெல்லாம் விளக்கியபோது மருமகள் சீராயிற்றே என்று வண்டியையும் விடவில்லை. நான் கிணற்றடியிலிருந்து திரும்பி வருவதற்குள், அழுக்குத்துணி வெளுக்கிற உவர்மண்ணைக் கரைத்து அத்தனை மூடியையும் தேய்த்துக் கழுவி முடித்திருந்தார். எல்லாம் அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடந்தது. "என்னட்டி இது, சீம வண்டிங்கியோ, இப்பிடிச் சாயம் போவுது?" என்று என்னைக் கேட்டார். மறுபடி தேய்த்து வெளுப்பாக்க எனக்குத் தெரியும். நான் அதைத் தொடவில்லை. வண்டியின் மேல் கோழி அடைகிறது.

இவ்வளவும் நடந்தும் எனக்கு அண்ணன் மேல் ஆத்திரம் ஒரு அளவோடு இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வண்டி கேட்டிருப்பார்கள், ஊர் வாய்க்குப் பயந்திருப்பார், பாவம் ஒண்டி மனுஷன் என்ன செய்வார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். குழந்தைகள் பிறந்து சில வருஷங்களுக்குப் பிறகு, ஒரு பருத்தி எடுப்பின்போது நானும் வீட்டுக்காரரும் காட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு வாக்கில், "வண்டி கேட்டியளே, வாங்கி என்ன செஞ்சிய, கோழிக்குத்தான் ஆச்சு" என்றேன். அவர் கஞ்சிச் செம்பைக் கீழே வைத்தார்.

"நானா கேட்டேன்? உங்க அண்ணாச்சி தானா வந்து, வண்டி தாரேன்னு சொன்னாவ. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். புள்ள எட்டு படிச்சிருக்காளே, மேல படிக்க ஆச இருக்கான்னு கேட்டேன். இருந்தா ரெண்டு வருசம் பொறுத்துக்கிடுதோம்னு சொல்லத்தான் இருந்தேன். அவிய, அதெல்லாம் ஒண்ணுமில்ல, அவளுக்குக் கலியாணத்துலதான் இஷ்டம்னு சொல்லிட்டாவ."

கூடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். முன்பின் தெரியாத மனிதர் ஒருவருக்கு என்னைக் கேட்கத் தோன்றியிருக்கிறது. இடுப்பில் தூக்கி வளர்த்தவர், என்னைக் கேட்காமலே என் பெயரால் பொய் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு சங்கரன்கோவிலுக்கு ஆடித்தபசுக்கு வந்தால்கூட அம்மனைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ் ஏறிவிடுவேன். வீட்டில் தலையைக் காட்டினால் வாசலோடு சரி. என்னை ராங்கிக்காரி என்று நீங்கள் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது.

போன வருஷம் அண்ணனுக்கு நெஞ்சில் நீர் கோத்துப் படுக்கையில் விழுந்தார் என்று ஆள் வந்தபோது என்னால் இருக்க முடியவில்லை. வந்தேன். கடைசிவரைக்கும் நானும் மதினியும் மாறி மாறிப் பார்த்தோம். பார்க்க வந்த எல்லோரிடமும் அண்ணன், "இவளுக்கு ஒரு நல்ல வாழ்க்கைய அமைச்சுக் குடுத்துட்டேன், அது போதும் எனக்கு" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார். எல்லோரும் தலையை ஆட்டுவீர்கள். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஒரு மத்தியானம் மதினி கோவிலுக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. கேட்டுவிட்டேன்.

"அண்ணே, எனக்குக் கலியாணத்துலதான் இஷ்டம்னு நான் எப்ப சொன்னேன்?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். "தனியா அனுப்பினா ஊரு என்ன பேசும்னு பயந்துட்டேன், மக்கா. உன்கிட்ட கேட்டிருந்தா நீ அழுவ. நீ அழுதா நான் விட்டுக் குடுத்துருவேன். அதான் கேக்கல."

வாயைத் துடைத்துவிட்டுப் படுக்கவைத்தேன். அந்த வாரக் கடைசியில், விடிந்து வெளிச்சம் வருகிற நேரத்தில், அண்ணனின் உயிர் பிரிந்தது.

படுக்கையில் இருந்தபோது சைக்கிளை மிதித்துக்கொண்டு தினமும் வந்து ஊசி போட்ட டாக்டருக்கும், பஸ்ஸை நிறுத்தி வைத்துவிட்டுத் தூக்க வந்த டிரைவர், கண்டக்டர்கள் எல்லோருக்கும், காரியம் முடியும் மட்டும் எங்கள் வீட்டில் அடுப்பெரியாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், அறுப்பை விட்டுவிட்டு வந்து கூடவே நின்ற என் வீட்டுக்காரருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வேலையாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தீர்கள். அதற்கும் நன்றி. என் கலியாணத்தின்போது ஒருவர் விடாமல் வாயை மூடிக்கொண்டு அண்ணனுக்குச் செய்த உதவிக்கு மட்டும் நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கப்போவதில்லை.

அண்ணனிடம் அன்று சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே சொல்லி முடிக்கிறேன். அண்ணே, நீங்கள் கேட்டிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன். ஊருக்குப் பயமாக இருக்கிறது மக்கா, போகாதே என்று என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உங்களுக்காகச் சரி என்றே சொல்லியிருப்பேன்.